வீட்டில் ஏரோபிக்ஸ் செய்ய ஷூ வாங்குவது எப்படி? ராமநாதபுரம் கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே பார்த்தாலும், செல்போனையோ தொலைக்காட்சியையோ முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஏரோபிக்ஸ் செய்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வெயில் ஒரு காரணம். சாலையோரம் வேகமாக நடந்தால் ஊரே நிறுத்தி விசாரிக்கும் என்பது இன்னொரு காரணம். பயிற்சியைச் சொல்லித்தரக் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. காலில் எதைப் போடுவது என்று கேட்டால் மட்டும், "நல்ல ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்குங்கள்" என்று முடித்துக்கொள்கிறார்கள். கடைக்குப் போனால் அங்கே எல்லாமே ஸ்போர்ட்ஸ் ஷூதான்.

குதிகால் வலியோடு கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். பக்கவாட்டில் காலைப் பிடிக்கிறதா, உங்கள் வீட்டுத் தரைக்கு அடிப்பாகம் பொருந்துகிறதா, எந்த மாதம் தயாரானது? ஷூவிடம் கேட்க வேண்டியவை இந்த மூன்றும்தான். பிராண்டு பெயரும் மெத்தென்ற சுகமும் இவற்றுக்குப் பிறகுதான்.

1. கடைக்குப் போகும் முன் தரையைப் பாருங்கள்

நம் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ், சிமெண்ட், மொசைக் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். மூன்றுமே கல் போன்ற தரைகள். குதித்து இறங்கும் அதிர்ச்சியில் எதையும் அவை வாங்கிக்கொள்ளாது. அத்தனையும் ஷூவுக்கும் மூட்டுக்கும்தான் வரும். அதனால் ஷூவின் நடுப்பகுதியில், அதாவது அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் இடையில், நுரை இருக்கிறதா என்பது இங்கே முக்கியம். மெல்லிய ரப்பர் அடி மட்டும் உள்ள கேன்வாஸ் ஷூ இதற்கு உதவாது.

அடுத்த தொல்லை மணல். கடலோர வீட்டில் எத்தனை முறை பெருக்கினாலும் ஜன்னல் வழியாக நைசாக வந்து படியும். டைல்ஸ் மீது அந்த நைஸ் மணல் இருந்தால் எவ்வளவு பிடிமானமுள்ள ஷூவும் வழுக்கும். பயிற்சிக்கு முன் ஈரத்துணியால் தரையை ஒருமுறை துடையுங்கள், காய்ந்ததும் தொடங்குங்கள். ஷூவின் அடியையும் அதே துணியால் துடைத்துவிடுங்கள்.

யோகா விரிப்பின் மேல் ஷூவோடு குதிக்க வேண்டாம். விரிப்பும் நகரும், மெத்தென்ற பரப்பில் கணுக்காலும் மடங்கும்.

2. வீட்டுக்குள் ஷூவா என்ற பேச்சை முதலிலேயே முடித்துவிடுங்கள்

இதைச் சிறிய விஷயம் என்று நினைத்தால் வாங்கிய ஷூ பெட்டியிலேயே கிடக்கும். வாசலைத் தாண்டிச் செருப்பு வராத வீடுகள் நம்முடையவை. மாமியாரோ அம்மாவோ முகம் சுளிப்பதில் நியாயமும் இருக்கிறது. தெருவுக்கு ஒருபோதும் எடுத்துப் போகாத, வீட்டுக்கு மட்டுமான ஜோடி என்று சொல்லி வையுங்கள். சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள். பூஜை அறை, தொழும் இடம், அடுப்படி இவற்றிலிருந்து விலகி ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தெருவில் போடாத அடி தேயாமலும் இருக்கும். அது உங்கள் பணத்துக்கும் நல்லது.

3. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ரன்னிங் ஷூ நேராக முன்னால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. குதிகால் பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்திருக்கும். பலவற்றில் இந்த வித்தியாசம் 8 முதல் 12 மில்லிமீட்டர். ஏரோபிக்ஸில் நாம் ஓடுவதே இல்லை. இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் இரண்டு அடி, முன்பாதத்தில் இறங்கும் குதி, திடீர்த் திருப்பம் என்றுதான் போகும். உயரமான, மெத்தென்ற குதிகாலோடு பக்கவாட்டில் காலை வைத்தால் கணுக்கால் வெளிப்பக்கமாகச் சாயும். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் கடையில் அதிகம் அடுக்கியிருப்பது இதுதான்.

வாக்கிங் ஷூவும் பொருந்தாது. குதிகாலில் இறங்கி விரலில் எழும் நடைக்காகச் செய்தது அது. முன்பாதத்தின் அடியில் நுரை குறைவாக இருக்கும்.

ட்ரெய்னிங் ஷூ அல்லது ஜிம் ஷூ என்று கேளுங்கள். அடிப்பாகம் அகலமாக, தாழ்வாக, ஓரளவு தட்டையாக இருக்கும். இரு பக்கமும் உறுதியான பட்டையோ தடித்த துணியோ வைத்துத் தைத்திருப்பார்கள். பெரிய ஊர்களில் இது எளிதாகக் கிடைக்கும். நம் பக்கத்துச் சிறிய கடைகளில் சில வேளை கிடைக்காது. அப்போது கைப்பந்து (வாலிபால்) ஷூ கேட்டுப் பாருங்கள். கைப்பந்து ஆடும் ஊர்கள் இந்தக் கரையில் நிறைய இருப்பதால் விளையாட்டுச் சாமான் கடைகளில் வைத்திருப்பார்கள். குதித்து முன்பாதத்தில் இறங்குவதும் பக்கவாட்டில் பாய்வதும் கைப்பந்தின் வேலை, ஏரோபிக்ஸின் வேலையும் அதுவே. பாட்மிண்டன் ஷூவும் பக்கவாட்டில் நன்றாகப் பிடிக்கும்.

இவை இரண்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. உள்ளரங்கத் தரைக்காகச் செய்த அந்த ரப்பர் அடி, துடைத்த டைல்ஸை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாதம் நின்றுவிட, உடல் மட்டும் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். உங்கள் காணொளியில் சுழலும் அசைவுகள் அதிகம் என்றால், காலைத் தூக்கி வைத்துத் திரும்பப் பழகுங்கள், அல்லது ட்ரெய்னிங் ஷூ கிடைக்கும்வரை பொறுங்கள். கபடி ஷூ வேண்டவே வேண்டாம், அடி மெல்லியது.

"மெமரி ஃபோம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கடையில் போட்டதும் சொர்க்கமாக இருக்கும். அது மேலே வைத்த ஒரு மெத்தைத் துண்டு மட்டுமே. பாதத்தைத் தாங்குவது அதற்குக் கீழே உள்ள நடுப்பகுதி.

4. மாலையில் பாதத்தை அளந்து தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்

நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். பயிற்சியின்போதும் அப்படித்தான் ஆகும். அதனால் மாலை அளவே சரியான அளவு.

ஓர் ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போடுங்கள். பயிற்சிக்குப் போடப்போகும் சாக்ஸை அணிந்து, குதிகால் சுவரைத் தொட, முழு எடையும் அந்தக் காலில் விழும்படி நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியில் வேறொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் எடை மாறி அளவும் மாறும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதையும் கவனியுங்கள். பாதத்தின் அகலமான இடத்தையும் குறியுங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது. பெரியதற்குத்தான் ஷூ.

சிறு வயதிலிருந்து வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் நடந்த பாதம் விரல் பக்கம் விரிந்திருக்கும். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்கினால், ஒரு சைஸ் பெரிதாக வாங்கிச் சமாளிக்காதீர்கள். குதிகால் கழன்று ஆடும். முன்பக்கம் அகலமான வேறு மாடலைக் கேளுங்கள்.

பாத வளைவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஈரக்காலைச் சிமெண்ட் தரையில் வைத்து எடுங்கள். முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம். நடுப்பகுதி கெட்டியாக உள்ள ஷூ தேவைப்படலாம். நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால் வளைவு அதிகம். கூடுதல் நுரை சுகமாக இருக்கும். இது ஒரு குத்துமதிப்பு மட்டுமே. போட்டுப் பார்த்துக் கால் சொல்வதை நம்புங்கள்.

சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் மரத்துப்போன உணர்வோ எரிச்சலோ உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை இங்கே நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். தேவைப்பட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உணர்ச்சி குறைந்த காலில் ஷூ கடித்தால் புண்ணாகும்வரை தெரியாது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீர் என்று வலித்து அது வாரக்கணக்கில் தொடர்ந்தாலும் அப்படியே. புது ஷூ அதற்கு மருந்தாகாது.

5. பணம், மாதம், ஊர்

அதிகம் குதிக்காத, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும் பயிற்சிக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் இந்தியத் தயாரிப்பு ஒன்று போதும். எடை அதிகம் உள்ளவர்களும் குதிக்கும் பயிற்சி செய்பவர்களும் இன்னும் ஓர் ஆயிரமோ இரண்டாயிரமோ சேர்த்துப் போடலாம். அதற்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் பெயருக்கும் நிறத்துக்கும். இருநூறு ரூபாயை ஒதுக்கி வையுங்கள். நல்ல சாக்ஸ் அதில் வரும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு வரி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதற்கு முன் ஆயிரத்தைத் தாண்டினாலே 18 சதவீதமாக இருந்தது. ஆகவே 2,500 ரூபாய்க்குள் உள்ள ஜோடியின் பெட்டியில் அதற்கு முந்தைய தேதியும் பழைய எம்.ஆர்.பி.யும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களிடம் காரணம் இருக்கிறது. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் "டாக்ஸ் தனி" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

ராமேஸ்வரத்துக் கடைகள் யாத்ரீகர்களை நம்பி நடப்பவை. செருப்பு கிடைக்கும், இந்த வகை ஷூவைத் தேட வேண்டியிருக்கும். ராமநாதபுரத்தில் சாலைத் தெரு, அரண்மனை, கேணிக்கரை சுற்றினால் ஓரளவு முடிந்துவிடும். அங்கும் கிடைக்காவிட்டால் மதுரை. வேறு வேலையாக மதுரை போகும்போது சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். ஷூவுக்காக மட்டும் போனால் பஸ் செலவும் ஒரு நாளும் ஷூ விலையோடு சேர்ந்துவிடும்.

தீபாவளி, ரம்ஜான், பொங்கல் நெருக்கத்தில் போகாதீர்கள். சைஸ் இருக்காது, உட்காரவைத்துப் போட்டுக்காட்ட ஆளும் இருக்காது. ஆடித் தள்ளுபடியில் விலை குறையும். ஆனால் ஆடி அமாவாசைக்கு முன்னும் பின்னும் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை பஸ்களில் கால் வைக்க முடியாது. தள்ளுபடி மேசையில் என்ன குவிகிறது என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

6. பெட்டியின் சீட்டைப் படியுங்கள்

எங்கள் பக்கத்துக்கு மிக முக்கியமான கட்டம் இது. யாரும் சொல்லித்தராததும் இதுதான்.

சில ஷூக்களின் அடி பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது; சீட்டில் பி.யு. என்று போட்டிருக்கலாம். ஈரக்காற்றில் உள்ள நீர் இந்த நுரையின் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும். அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உடைப்பு நடந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகள் கடந்த ஜோடி வெளியில் புத்தம் புதிதாகத் தெரியும். போட்டுக் குதித்த முதல் வாரத்தில் அடி பொடிப்பொடியாக உதிரும். வருடம் முழுவதும் ஈரமும் உப்பும் கலந்த காற்று வீசும் ஊரில், குளிர்சாதனம் இல்லாத கிட்டங்கியில் கிடந்த பழைய சரக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். தள்ளுபடி மேசைக்கு வருவது பல நேரம் அதுதான்.

ஈ.வி.ஏ. என்ற வேறு வகை நுரையைப் போட்டிருந்தால் இந்தக் கவலை குறைவு. அது ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் எந்த ஷூவிலும் ஒட்டுப்பசை காலத்தால் வலுவிழக்கும். ஆகவே பெட்டியில் தயாரித்த மாதம், ஆண்டைத் தேடுங்கள். எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நான் ஓராண்டுக்கு மேற்பட்ட சரக்கை வாங்குவதில்லை. பி.யு. அடி என்றால் ஆறு மாதம்கூட யோசிப்பேன். பெட்டி இல்லாமல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஜோடியையும், பிராண்டு பெயரைப் போலி செய்து "ஃபர்ஸ்ட் காப்பி" என்று விற்பதையும் தொடவே வேண்டாம்.

7. கடையில் கூச்சப்படாமல் செய்ய வேண்டியவை

உங்கள் தாளையும் சாக்ஸையும் கொண்டுபோங்கள். மாலை நேரம் நல்லது. கீழக்கரையில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிருங்கள்.

கையில் எடுத்ததும் மூன்று சோதனைகள். குதிகாலின் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் கீழே வைத்துவிடுங்கள். நுனியையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள்; விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் தாங்காது. பிறகு முறுக்கிப் பாருங்கள். லேசாகத் திரும்பலாம், துணியைப் பிழிவதுபோல் சுருளக்கூடாது. விளிம்பு முழுவதும் நகத்தால் தடவி, பசை விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு காலுக்கு மட்டும் கொடுத்து "சரியா இருக்கா?" என்பார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கயிற்றை முழுவதும் கட்டி நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அதன் பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முடிவு செய்யாமல், கடைக்குள் பக்கவாட்டில் இரண்டு அடி போய் வாருங்கள். ஒற்றைக் காலில் நில்லுங்கள். நாலைந்து முறை மெல்லக் குதியுங்கள். பாதம் ஷூவின் ஓரத்தைத் தாண்டி வழிந்தாலோ குதிகால் எழும்பினாலோ அது உங்களுக்கு இல்லை. நான்கு பேர் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

"போடப்போட லூசாகிவிடும்" என்ற வாக்கை நம்பி இறுக்கமான ஷூவை வாங்காதீர்கள். இன்றைய செயற்கைத் துணி அந்தளவுக்கு இளகாது.

8. பில் இல்லாமல் படியிறங்காதீர்கள்

ஒரு கடையில் பில் கேட்டதற்கு, அட்டையின் பின்புறம் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். கடையின் பெயர், தேதி, மாடல், விலை இல்லாத துண்டுச்சீட்டு எதற்கும் ஆகாது. பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு ஒதுங்கிவிட வேண்டாம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகமே. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள். இது குறைபாட்டுக்குத்தான், நிறம் பிடிக்கவில்லை, சைஸ் மாற வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரரின் விருப்பம். சைஸ் மாற்றத்துக்கு எத்தனை நாள் தருவார்கள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில், பெட்டிச் சீட்டு இரண்டையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் அச்சு மங்கிவிடும்.

பேச்சு முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் கிடையாது.

9. இணையத்திலும் வெளிநாட்டிலிருந்தும்

இணையத்தில் வாங்குவதானால் திரும்ப அனுப்பும் காலத்தையும், உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துக்கொள்வார்களா என்பதையும் முதலில் பாருங்கள். டெலிவரி வரும் கடலோரக் கிராமத்துக்கெல்லாம் திரும்ப எடுக்கவும் வருவார்கள் என்று நம்பிவிட முடியாது. பிரிக்கும்போது காணொளி எடுங்கள். அடி அழுக்காகாமல் போர்வை மீது நடந்து பாருங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. அண்ணனிடமோ மச்சானிடமோ "ஆறு சைஸ்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் தவறாகத்தான் வரும். இங்கே புழங்குவது பிரிட்டன் அளவு. அமெரிக்க அளவில் ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்றும், பெண்களுக்கு பிராண்டைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை வரையும் கூடும். ஐரோப்பிய எண் முப்பது நாற்பதில் இருக்கும். குழப்பமே வேண்டாம்: நீங்கள் வரைந்த தாளைப் படமெடுத்து, சென்டிமீட்டர் அளவையும் எழுதி அனுப்புங்கள். ஷூவின் நாக்குச் சீட்டில் சி.எம். (சென்டிமீட்டர்) அல்லது ஜே.பி. (ஜப்பான் அளவு) என்று உள்ள எண்ணோடு அவர் ஒப்பிட்டுக்கொள்வார். அங்கிருந்து வந்ததை மாற்ற வழியில்லை என்பதால் அவரையே இந்தத் தாளோடு கடைக்குப் போகச் சொல்லுங்கள்.

10. முதல் வாரம்

பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். குதிகால் ஆடினால், கணுக்காலுக்கு அருகே பலர் விட்டுவிடும் கடைசித் துளையிலும் கயிற்றைக் கோத்து இறுக்குங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். செயற்கை நூல் கலந்தது சீக்கிரம் உலரும். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தாமல் விட்டால் சேற்றுப்புண் வரும். மருந்துக்கடை சிலிக்கான் மெத்தையை உள்ளே வைப்பதானால், முழுப் பாத அளவுள்ளதை வாங்கி, ஷூவோடு வந்த மெத்தையை எடுத்துவிட்டு வையுங்கள்.

11. உப்புக் காற்றிலிருந்து காப்பது

வாசல் அலமாரியில் வைக்காதீர்கள். பெட்டிக்குள்ளோ பிளாஸ்டிக் பையிலோ மூடியும் வைக்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் உள்மெத்தையை உருவி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் பசை இளகும். வாஷிங் மெஷினும் ஆகாது. அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியும் பழைய பல்துலக்கியும் போதும்.

12. எப்போது மாற்றுவது

வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்று செய்கிறவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை சோதியுங்கள். மேசை மீது வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முடிந்தது. நடுப்பகுதி நுரையின் பக்கத்தில் ஆழமான சுருக்கக் கோடுகள் விழுந்து, விரலால் அழுத்தினால் மீளாமல் கிடந்தாலும் முடிந்தது. மேல்பாகம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே போடாததால் அது அப்படித்தான் இருக்கும். முன்பு இல்லாத முழங்கால் வலியோ குதிகால் வலியோ புதிதாகத் தொடங்கினால் முதலில் ஷூவைச் சந்தேகியுங்கள்.

அந்தப் பழைய ஜோடியைச் சந்தைக்கும் தோட்டத்துக்கும் போடலாம். அடுத்த ஜோடிக்குப் பழைய சைஸையே சொல்லி வாங்காமல், மாலையில் மறுபடி தாளை விரித்து அளந்துகொள்ளுங்கள். வயதோடும் எடையோடும் பாதமும் மாறும்.